இரு கரையிலும் நின்று வழக்காடியவர்: சர் சி. பி. இராமசாமி ஐயரும் காவிரி நீரும்

மேட்டூரிலிருந்து இறங்கிவரும் நீர் கல்லணையை அடைந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிவதைக் காண்போர், அந்நீரோடு தொடர்புடைய பெயர்களை எளிதில் நினைவிற் கொள்வர். கரிகாலன் பெயர் கல்லணையோடு ஒன்றாகிவிட்டது. முக்கொம்பில் மேலணை எழுப்பிய ஆர்தர் காட்டனைத் தஞ்சைத் தரணியின் உழவரும் அறிவர். மேட்டூர் நீர்த்தேக்கம் ஸ்டான்லி என்னும் ஆளுநர் பெயரைத் தாங்கி நிற்கிறது. திட்டம் வகுத்த பொறியாளர் எல்லிசின் பெயர் அங்குள்ள உபரிநீர்ப் போக்கிக்கு வாய்த்தது. இவ்வரிசையில் இடம்பெறாத பெயர் ஒன்று உண்டு. கல்லாலும் சுண்ணத்தாலும் மேட்டூர் அணை எழுவதற்கு முன், தாளாலும் மையாலும் ஓர் அணை எழ வேண்டியிருந்தது. மைசூர் அரசுக்கும் சென்னை மாகாண அரசுக்கும் இடையே 1924இல் நிறைவேறிய காவிரி உடன்படிக்கையே அது. அது நிறைவேறிய நாளில் சென்னை அரசின் சட்ட உறுப்பினராக இருந்து பாசனத்துறையைத் தம் கையில் வைத்திருந்தவர் சேத்துப்பட்டு பட்டாபிராம ஐயர் இராமசாமி ஐயர். தமிழ்நாடும் கேரளமும் அவரைச் சி. பி. என்ற இரண்டெழுத்தாலேயே அறியும். அறியும் விதந்தான் வேறு வேறு.

1879ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் வந்தவாசியில் பிறந்தவர் சி. பி. தந்தையார் நீதித்துறையில் பணிபுரிந்தவர். சென்னையில் வெஸ்லி பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று 1903இல் வழக்கறிஞர் தொழிலில் நுழைந்தார். அத்தொழிலில் அவர் பெயரை ஊரறியச் செய்த வழக்கு ஜே. கிருஷ்ணமூர்த்தியைப் பற்றியது. மைந்தனை அன்னி பெசண்ட் அம்மையாரிடமிருந்து மீட்க முனைந்த தந்தை நாராயணய்யாவுக்காக அவர் நீதிமன்றத்தில் நின்றார். சில ஆண்டுகளிலேயே அதே அம்மையாரின் ஹோம்ரூல் இயக்கத்தில் அவருக்கு உற்ற துணைவரானார். எதிர்த்து வழக்காடியவரோடு பின்னர்த் தோள்சேர்ந்து நிற்பதும், சேர்ந்து நின்றவரை எதிர்த்துப் பின்னர் வழக்காடுவதும் அவர் வாழ்வில் திரும்பத் திரும்ப நேர்ந்தவை. இதனை நிலையாமை என்று பழித்தோர் உளர். வழக்கறிஞனின் பயிற்சி என்று கொள்வதே பொருத்தமாகும்.

1920இல் சென்னை மாகாணத் தலைமை வழக்கறிஞர் பதவி அவரைத் தேடி வந்தது. 1923இல் ஆளுநரின் நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினரானார். 1928 வரை அப்பொறுப்பில் இருந்தார். அன்றைய ஆட்சிமுறையைச் சிறிது விளக்க வேண்டும். 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாணத்தில் இரட்டையாட்சி நடந்தது. கல்வி, சுகாதாரம் போன்ற சில துறைகள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. பாசனமோ ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே ஒதுக்கி வைக்கப்பட்டது. காவிரி பிறக்கும் குடகு இந்திய அரசின் நேர் ஆட்சியில் இருந்தது. அது பாயும் மைசூர் மன்னராட்சி நாடு. அது வளமூட்டும் தஞ்சை ஆங்கிலேயரின் நேரடி மாகாணம். மேலே இந்திய அரசு தில்லியில். அதற்கும் மேலே இந்தியா அமைச்சர் இலண்டனில். ஓர் ஆற்றின் நீரைப் பற்றிப் பேச இத்தனை வாயில்களைக் கடக்க வேண்டியிருந்தது.

பூசல் அதற்கு முன்பே மூத்துவிட்டது. 1892ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் இரு அரசுகளும் முதல் உடன்பாட்டைச் செய்துகொண்டன. குறிப்பிட்ட ஆறுகளில் மைசூர் புதிய நீர்த்தேக்கம் அமைப்பதாயின் சென்னையின் முன்னிசைவைப் பெற வேண்டும் என்பதும், கீழ்ப்பாசனத்தாரின் நெடுநாள் அனுபோக உரிமையைக் காப்பதற்கன்றிச் சென்னை அவ்விசைவை மறுத்தலாகாது என்பதும் அதன் சாரம். மேலே இருப்பவன் கேட்க வேண்டும். கீழே இருப்பவன் காரணமின்றி மறுக்கக் கூடாது. கேட்பதற்கு எளிய ஏற்பாடுதான். கண்ணம்பாடியில் அணை கட்ட மைசூர் முனைந்தபோதே அதன் கடினம் தெரிந்தது.

விசுவேசுவரய்யா தலைமைப் பொறியாளராயிருந்து வகுத்த கண்ணம்பாடித் திட்டம் 1911இல் தொடங்கிற்று. சென்னையோ ஏறத்தாழ அதே காலத்தில் எல்லிசைக் கொண்டு மேட்டூர்த் திட்டத்தை வகுத்து வைத்திருந்தது. ஒரே ஆற்றில் இரு பேரணைகள். இரண்டுக்கும் போதுமான நீர் உண்டா என்பது வினா. கண்ணம்பாடிக்கு முதற்படியாகக் குறைந்த உயரத்திற்கே இசைவு கிடைத்தது. மைசூரோ முழு உயரத்தைத் தாங்கும் அடித்தளத்தை இட்டது. இச்செய்தி தஞ்சை மிராசுதார்களிடையே எத்தகைய அச்சத்தை எழுப்பியிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. வழக்கு நடுவரிடம் சென்றது. அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி கிரிஃபின் 1914இல் அளித்த தீர்ப்பு மைசூருக்குச் சாதகமாக அமைந்தது. இந்திய அரசு அதனை ஏற்றது. சென்னை விடவில்லை, இலண்டன் வரை முறையிட்டது. 1919இல் இந்தியா அமைச்சர் அத்தீர்ப்பை ஒதுக்கிவிட்டார். எட்டாண்டுகள் வழக்காடிய பின்னர் இரு அரசுகளும் தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்ந்தன.

இனிப் பேசித் தீர்ப்பதைத் தவிர வழியில்லை. முதலிற் பேசியவர்கள் பொறியாளர்கள். கண்ணம்பாடியின் மதகுகளை எவ்வாறு இயக்க வேண்டும் என்னும் விதிகளை 1921 ஜூலையில் அவர்கள் ஒத்துக்கொண்டனர். அவ்விதிகளின் மூலக்கருத்து வியக்கத்தக்க எளிமை உடையது. முக்கொம்பு மேலணையில் உள்ள அளவுகோலில் மாதத்திற்கு மாதம் இத்தனை அடி நீர் நிற்க வேண்டும். அந்த அளவுக்குத் தேவையான வரத்தை விட்ட பின்னரே மைசூர் தேக்கிக்கொள்ளலாம். கீழ்க்கரையின் உரிமை என்னும் அருவப் பொருள் கல்லில் பொறித்த அடிக்கோடாக மாறிற்று. காவிரியைப் பெண்ணென்றும் தாயென்றும் பாடிய புலவர் பலர்; அந்த அளவுகோலைப் பாடியவர் இலர். ஆயினும் குறுவை நாற்றங்காலுக்கு நீர் வருமா வராதா என்பதை அதுவே சொல்லிற்று.

பொறியாளர் ஒத்துக்கொண்டதை அரசுகள் ஒத்துக்கொள்ள மேலும் இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாயிற்று. சி. பி. பொறுப்பேற்றது அந்த இடைவெளியில்தான். உடன்படிக்கையில் அவர் கையெழுத்து இல்லை. மைசூருக்காகத் திவான் ஆல்பியன் பானர்ஜியும் சென்னைக்காகப் பொதுப்பணித்துறைச் செயலரும் ஒப்பமிட்டனர். ஆதலின் அனைத்தையும் அவர் கணக்கில் எழுதுவது முறையாகாது. விதிகளை வகுத்த பெருமை பொறியாளர்களுக்கே உரியது. ஆனால் வென்றே தீர வேண்டும் என்று பதினைந்து ஆண்டுகளாக நின்ற ஓர் அரசு, எதிர்த் தரப்புக்கும் வயல் உண்டு என்று ஏற்றுக் கையெழுத்திடும் நிலைக்கு வந்தது அவர் துறையைக் கவனித்த காலத்திலேயே. உயர்நீதிமன்றத்தில் இருபதாண்டுகள் பழகியவர், எந்த வழக்கைத் தொடரலாம், எதனை இராசியாக முடிக்கலாம் என்பதை நன்கறிந்தவராயிருந்தார்.

1924ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் உடன்படிக்கை நிறைவேறிற்று. முதல் உடன்பாட்டிற்குச் சரியாக முப்பத்திரண்டு ஆண்டுகள். மைசூர் கண்ணம்பாடியை 44.827 ஆயிரம் மில்லியன் கன அடிக் கொள்ளளவில் கட்டி, அதன்கீழ் 1,25,000 ஏக்கர் புதுப்பாசனம் செய்யலாம். சென்னை மேட்டூரில் 93.5 ஆயிரம் மில்லியன் கன அடி தேக்கி 3,01,000 ஏக்கர் புதுப்பாசனம் செய்யலாம். மாறுபாடு எழுந்தால் நடுவரிடம் விடலாம். சில பிரிவுகளை ஐம்பது ஆண்டுகள் கழித்து மறுபரிசீலனை செய்யலாம். ஐம்பது என்னும் அவ்வெண்ணை எழுதியபோது அதனை யாரும் பெரிதாகக் கருதியிருக்க மாட்டார்கள்.

மை உலர்ந்து ஐந்து மாதங்கூட ஆகவில்லை. 1924 ஜூலையில் மேற்குமலை முழுதும் பெய்த பெருமழையில் காவிரி முன்னெப்போதும் இல்லாத அளவு பெருகியது. கொள்ளிடக்கரை ஊர்கள் அவ்வெள்ளத்தை நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தன. மலைக்கு மேற்கே பெரியாறும் அதே மழையில் கரைபுரண்டது; கேரளத்தார் அதனைக் கொல்லம் ஆண்டுக் கணக்கில் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பர். பின்னாளில் சி. பி.யின் வாழ்வு அவ்விரண்டாம் ஆற்றோடு பிணையவிருந்தது.

1925இல் இலண்டனின் இசைவு கிடைத்து, அவ்வாண்டு ஜூலை 20ஆம் நாள் ஆளுநர் கோஷன் பிரபு மேட்டூரில் பணியைத் தொடங்கி வைத்தார். ஒன்பதாண்டுகள் வேலை நடந்தது. ஐந்து கோடிக்குச் சற்றுக் குறைவான ரூபாய் செலவாயிற்று. 1934 ஆகஸ்ட் 21இல் அணை திறக்கப்பட்டது. 5,300 அடி நீளமுடைய அவ்வணையின் நீருக்கு ஊர்களும் இடம்விட்டுப் போயின. நீர் வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடியருகே நந்திச் சிலையும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுவதைக் காணச் செல்வோர் இன்றும் உண்டு. தஞ்சையின் குறுவையைப் பற்றி எழுதுவோர் அக்கோபுரத்தையும் ஒரு வரி நினைத்தல் வேண்டும்.

அணையோடு கல்லணைக் கால்வாயும் வெட்டப்பட்டது. ஊரார் அதனைப் புது ஆறு என்றே வழங்கினர். தஞ்சை நகரை ஒட்டிச் சென்று ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களுக்கு அது நீர் கொண்டு சென்றது. வடவாறு நீட்டிப்பு மன்னார்குடிப் பக்கத்துக்கு உதவிற்று. மழையையும் ஏரியையும் கிணற்றையும் நம்பியிருந்த மேட்டுநிலம் நெல்வயலாயிற்று. பழைய பாசனப் பகுதியில் நேர்ந்த மாற்றம் வேறுவகைப்பட்டது. குடகில் பெய்யும் மழையை நோக்கிக் காத்திருந்த காலம் போய், ஜூன் 12இல் மேட்டூர் திறப்பு, ஜனவரி 28இல் அடைப்பு என்று நாள் குறித்துக்கொள்ளும் காலம் வந்தது. குறுவைக்கு நாள் உண்டு, சம்பாவுக்கு நாள் உண்டு, தாளடிக்கு நாள் உண்டு என்ற உறுதி பிறந்தது. கடைமடைக்காரன் கவலை முற்றும் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் கவலைப்படுவதற்கு ஒரு நாட்காட்டி கிடைத்தது.

சட்ட உறுப்பினராயிருந்த ஆண்டுகளில் சி. பி.யின் மனத்தை ஈர்த்த இன்னொன்று மின்சாரம். நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டத்திற்கு அவர் காட்டிய ஊக்கம் பெரிது. 1929இல் கட்டத் தொடங்கிய அத்திட்டம் 1932இல் மின்சாரம் தந்தது. கோவையின் ஆலைகள் பெருகியதில் அதற்குப் பங்குண்டு. மலையிலிருந்து விழும் நீருக்கு நெல்லின் விலை ஒன்று, மின்சாரத்தின் விலை மற்றொன்று என்பதைச் சென்னைச் செயலகத்தில் இருந்தபோதே அவர் கற்றுக்கொண்டார். கற்ற பாடம் சென்னைக்கு எதிராகவே பயன்படவிருந்தது.

1931இல் திருவிதாங்கூர் அரசின் சட்ட ஆலோசகரானார். 1936 அக்டோபரில் திவானானார். அவ்வாண்டு நவம்பர் 12இல் வெளிவந்த ஆலயப் பிரவேசப் பிரகடனம் அரசின் எல்லாக் கோயில்களையும் ஒடுக்கப்பட்ட இந்துக்களுக்குத் திறந்துவிட்டது. தேதிக் கணக்கில் அது சி. பி.யின் பிறந்தநாளும் ஆகும். 1937இல் அங்கே பல்கலைக்கழகம் தோன்றியது; அவரே அதன் முதல் துணைவேந்தர். 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று.

பெரியாற்று வழக்கு எழுந்தது இக்காலத்தில். பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்ப, 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் சென்னைக்கு 999 ஆண்டுக் குத்தகை அளித்திருந்தது. 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஐந்து ரூபாய். ஆண்டுக்கு நாற்பதினாயிரம் ரூபாய். பென்னிகுயிக் கட்டிய அணையிலிருந்து 1895 முதல் நீர் மதுரைச் சீமைக்குப் பாய்ந்தது. அந்நீர் மலையிலிருந்து இறங்கும்போதே மின்சாரமும் எடுக்கலாமே என்று சென்னை எண்ணியது. பைக்காராவைக் கண்ட பின் அவ்வெண்ணம் எழுவது இயல்பே. குத்தகை பாசனத்திற்கு மட்டுமே, மின்சாரத்திற்கு அன்று என்று திருவிதாங்கூர் மறுத்தது. அத்தரப்பின் வாதத்தை முன்னின்று நடத்தியவர் சி. பி.

காவிரியில் கீழ்க்கரையின் பொறுப்பை ஏற்றிருந்தவர், பெரியாற்றில் மேல்கரையின் வழக்கறிஞரானார். சென்னையின் கோப்புகளை நன்கறிந்தவரே சென்னையை எதிர்த்து நின்றார். நடுவர்கள் இருவரும் கருத்தொருமிக்காமையால் வழக்கு மேல்நடுவரிடம் சென்று, 1941இல் திருவிதாங்கூருக்குச் சார்பாக முடிந்தது. இதனைச் சென்னைக்குச் செய்த இரண்டகம் என்று சொல்வது எளிது. கூர்ந்து நோக்கினால் இரு இடத்தும் அவர் நிலை ஒன்றே என்பது புலப்படும். எழுதப்பட்டது எதுவோ அதுவே உரிமை. எழுதப்படாததைக் கேட்பவன் மீண்டும் பேச வர வேண்டும். 1924இல் அவர் அத்தகைய ஓர் எழுத்து உருவாகத் துணைநின்றார். 1941இல் வேறோர் எழுத்தை வரிக்கு வரி படித்துக் காட்டினார். அம்முறையின் வலிமையும் அதுவே, குறையும் அதுவே.

திருவிதாங்கூரில் அவர் ஆட்சியின் மறுபக்கம் இருண்டது. மாநிலக் காங்கிரசின் மீதான அடக்குமுறையும், 1946இல் புன்னப்புரையிலும் வயலாரிலும் தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச் சூடும் கேரள மக்கள் நெஞ்சில் அவர் பெயரை அச்சத்துக்கும் வெறுப்புக்கும் உரியதாக்கின. 1947இல் இந்திய ஒன்றியத்தில் சேராமல் திருவிதாங்கூர் தனி நாடாக நிற்கும் என்று அறிவித்தது அவர் செய்த பெரும்பிழை. ஆறுகளைப் பற்றி அரசுகளுக்கிடையே இணக்கம் தேடிய ஒருவர் நாட்டைப் பற்றி அவ்வாறு எண்ணியது இன்றளவும் வியப்பைத் தருகிறது. ஜூலை 25ஆம் நாள் திருவனந்தபுரத்தில் இசை விழா ஒன்றில் அவர் வெட்டுண்டார், உயிர் தப்பினார். சில நாட்களில் திருவிதாங்கூர் ஒன்றியத்தில் சேர இசைந்தது. ஆகஸ்டில் பதவி துறந்தார்.

எழுபதைக் கடந்த பின் அவரைத் தமிழகம் மீண்டும் கண்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகச் சிதம்பரத்தில் அமர்ந்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் அப்பதவி வகித்தார். கல்லணையில் தப்பிக் கொள்ளிடத்தில் வரும் நீர் கீழணையில் தடுக்கப்பட்டு, வடவாறு வழியாக வீராணத்தை நிரப்பிச் சிதம்பரப் பகுதியை வளப்படுத்துகிறது. காவிரியின் கடைசிப் பாசனங்களில் ஒன்று அது. தலைமதகைப் பற்றிய கோப்புகளைப் பார்த்தவர் முதுமையில் கடைமடையருகே வாழ்ந்தார். அவர் மைந்தர் சி. ஆர். பட்டாபிராமன் 1957இலும் 1962இலும் கும்பகோணம் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடும்பத்திற்குக் காவிரிக்கரையோடு தொடர்பு அவ்வாறும் நீடித்தது.

பின்னர் தேசிய ஒருமைப்பாடும் வட்டார உணர்வும் பற்றிய குழுவுக்குச் சி. பி. தலைவராக்கப்பட்டார். அக்குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்தே, பிரிவினை கோருவோர் தேர்தலில் நிற்க இடமில்லாதவாறு அரசியலமைப்பின் பதினாறாவது திருத்தம் 1963இல் நிறைவேறியது. திராவிடநாடு கோரிக்கை கைவிடப்பட்டதும் அவ்வாண்டிலேதான். தனி நாடு அறிவித்தவரைக் கொண்டே தனிநாட்டுக் கோரிக்கைக்கு அணை போட்டதில் வரலாற்றின் நகைச்சுவை உண்டு. பட்டறிந்தவர் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு என்று நேரு அரசு கருதியிருக்கவும் கூடும்.

1966 செப்டம்பர் 26இல் சி. பி. இலண்டனில் காலமானார். வயது 86. அவர் நடத்திய வழக்குகள் அவரோடு முடியவில்லை. பெரியாற்றில் 1941இல் அவர் மறுத்து வென்ற மின்சார உரிமையை, 1970ஆம் ஆண்டு உடன்பாட்டின் வழியே கேரளம் தமிழகத்திற்கு அளித்தது. ஏக்கருக்கு ஐந்து ரூபாயாயிருந்த குத்தகை முப்பதாயிற்று. மீண்டும் பேச வந்தபோது கிடைத்தது.

காவிரியில் நேர்ந்தது வேறு. 1974இல் அந்த ஐம்பது ஆண்டுகள் நிறைந்தன. சில பிரிவுகளையே மறுபரிசீலனை செய்யலாம் என்று தமிழகம் படித்தது. முழு உடன்படிக்கையும் காலாவதியாயிற்று என்று கர்நாடகம் படித்தது. பெரியாற்றில் சி. பி. வரிக்கு வரி படித்ததைப் போன்றே இப்போது அவர் காலத்து எழுத்தைப் பிறர் படித்தனர். ஏமாவதி, ஏரங்கி, கபினி அணைகள் எழுந்தன. தஞ்சை உழவர் சங்கம் ஒன்று 1983இல் உச்சநீதிமன்றத்தை நாடிற்று. 1956ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான ஆற்றுநீர்த் தகராறுச் சட்டத்தின்கீழ் 1990 ஜூன் 2இல் நடுவர் மன்றம் அமைந்தது. அடுத்த ஆண்டு இடைக்காலத் தீர்ப்பு 205 ஆயிரம் மில்லியன் கன அடி என்றது. 2007இல் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018 பிப்ரவரி 16இல் உச்சநீதிமன்றம், 1892, 1924 உடன்படிக்கைகள் செல்லத்தக்கனவே என்றும், பின்னது 1974இல் முடிவுற்றது என்றும் கூறி, பிலிகுண்டுலுவில் தமிழகத்திற்கு வரவேண்டிய நீரை 177.25 ஆயிரம் மில்லியன் கன அடியாக வகுத்தது.

1924ஆம் ஆண்டு எழுத்தில் ஒன்று இல்லை. அளவுகோல் இருந்தது, விதி இருந்தது, நடுவருக்கும் இடம் இருந்தது; இரு அரசுகளும் சேர்ந்து உட்கார்ந்து வறண்ட ஆண்டில் நாள்தோறும் நீரைப் பார்க்கும் நிலையான ஓர் அவை இல்லை. மன்னரும் ஆளுநரும் இலண்டனும் இருந்தவரை அக்குறை வெளிப்படவில்லை. அத்தகைய அவை, காவிரி நீர் மேலாண்மை ஆணையம் என்ற பெயரில், நான்கு பாசன அரசுகளின் சார்பாளரையும் ஒன்றிய அரசின் அதிகாரிகளையும் கொண்டு 2018 ஜூனில் அமைந்தது. மேலணை அளவுகோலை முன்வைத்து எழுதப்பட்ட உடன்படிக்கைக்கு அப்போது தொண்ணூற்று நான்கு வயது.